மெய்நிகர் உலகமும் உழைப்பாளி மக்களும்

(கோபாலபுரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் பலர் அவ்வை சண்முகம் சாலை வழியாக நடந்து வந்திருப்பீர்கள். அதன் பழைய பெயர் லாயிட்ஸ் ரோடு. இன்றைய பெயருக்கு உரியவர் நாடக நடிகர் டி. கே. சண்முகம். 1918ல், ஆறு வயதுச் சிறுவனாக, சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக சபையில் சேர்ந்தவர். ஆண்மகனான அவர் பிற்காலத்தில் மூதாட்டி அவ்வையாராக வேடம் தாங்கி மேடையில் நின்றார். அவ்வை என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

மேடையில் தெரிந்த அரண்மனை துணியில் எழுதிய படம். அங்கே நின்ற கிழவி மெய்யான கிழவி அல்ல. ஆனால், கொட்டகை மணலில் உட்கார்ந்திருந்த எழுத்தறியாத மக்கள் அங்கே கற்றுக்கொண்டது மெய். இல்லாத ஓர் உலகத்தை உண்டாக்கி, மக்களை அதற்குள் அழைத்துச் சென்று, இருக்கிற உண்மையைக் கற்பிப்பது தமிழ் மக்களுக்குப் புதிய சங்கதி அல்ல.

இன்று அதே காரியத்தைக் கம்ப்யூட்டர் செய்கிறது. இதை மெய்நிகர் உலகம் என்கிறார்கள். கண்ணை முழுவதும் மூடும் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தலையில் மாட்டுகிறார்கள். இரண்டு கண்ணுக்கும் சிறிது வித்தியாசமான இரண்டு படங்கள் தெரிகின்றன. அதனால் ஆழமும் தூரமும் தோன்றுகின்றன. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. கையை நீட்டினால் அந்த உலகத்திலும் ஒரு கை நீளுகிறது. அங்கே நமக்காக நடமாடும் உருவத்துக்கு என்ன பெயர் தெரியுமா? அவதார்! நம் நாட்டு அவதாரம்தான். 1980களில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளை உருவாக்கியவர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

“இது பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவனுக்கும், வயலில் நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்று ஒருவர் இருந்தார். அவருடைய தகப்பனார் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். லிங்கும் அங்கேயே வேலை செய்தார். அவருக்கு விமானம் ஓட்டக் கற்க ஆசை. ஆனால் ஆகாயத்தில் ஏறிக் கற்பதற்குச் செலவும் அதிகம், ஆபத்தும் அதிகம். ஆர்கன் வாத்தியத்தில் காற்றை ஊதும் துருத்திகளை எடுத்தார். ஒரு சிறு மரப்பெட்டியை விமானம்போல அமைத்து, அந்தத் துருத்திகளின் மேல் நிறுத்தினார். உள்ளே உட்கார்ந்து கோலைத் திருப்பினால் பெட்டி சாயும், குனியும், நிமிரும். 1929ல் அந்த யந்திரம் தயாராகிவிட்டது. ஆரம்பத்தில் அதைக் கேளிக்கைப் பூங்காவில் விளையாட்டுச் சாமானாகத்தான் வாங்கினார்கள்.

1934ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டு செல்லும்படி ஆயிற்று. பனியிலும் இருட்டிலும் பறந்து பழக்கமில்லாத இளைஞர்கள். சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகே ராணுவம் கண் விழித்தது. லிங்கின் யந்திரங்களில் ஆறை வாங்கியது. இரண்டாம் உலக யுத்தத்தில் லட்சக்கணக்கான விமானிகள் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து பழகினார்கள். பெட்டிக்குள் தவறு செய்தால் பெட்டி சாயும், ஆள் சாகமாட்டான்.

நண்பர்களே, மெய்நிகர் உலகத்தின் உயிர்நாடி இதுதான். தவறு செய்து கற்கலாம். தவறுக்கு விலையாக உடலைக் கொடுக்க வேண்டாம். இந்த வசதி யாருக்கு அதிகம் தேவை? நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவருக்கா? அவர் தவறு செய்தால் காகிதத்தைக் கிழித்துப் போடலாம். நம்முடைய தவறு விரலில் விழுகிறது, நுரையீரலில் விழுகிறது.

கார்டிங் யந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் அதன் பெரிய சிலிண்டர் உடனே நிற்பதில்லை. தன் கனத்தினாலேயே சில நிமிஷம் சுற்றிக்கொண்டிருக்கும். சத்தம் குறைந்துவிட்டதே என்று புதிதாக வந்தவன் மூடியைத் திறந்து கையை நுழைக்கிறான். அந்த ஒரு நிமிஷத்தில் அவன் வாழ்க்கை மாறிவிடுகிறது. சுவரில் ஒட்டிய எச்சரிக்கைப் படம் இதைக் கற்பிக்காது. நின்றுவிட்டதுபோல் கண்ணை ஏமாற்றும் சிலிண்டரை ஒரு தடவை பார்த்து, அந்த ஓசையைக் காதால் கேட்டு, மெய்நிகர் கையை உள்ளே விட்டு ஒரு தடவை தோற்றுப்போனால், அந்தப் பாடம் ஆயுசுக்கும் மறக்காது.

வயலுக்கு வாருங்கள். 2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்குப் பூச்சி மருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக இருபது பேருக்கு மேல் விஷத்துக்குப் பலியானார்கள். நாம் நூற்கும் பஞ்சு அப்படிப்பட்ட வயல்களிலிருந்துதான் வருகிறது. தெளிக்கும் மருந்துப் புகையின் மெல்லிய பகுதி கண்ணுக்குத் தெரிவதில்லை. மெய்நிகர் வயலில் அதற்குச் சிவப்பு நிறம் கொடுக்கலாம். காற்றுக்கு எதிர்முகமாக நின்று அடித்தால் அந்தச் சிவப்பு தன் முகத்திலும், சட்டையிலும், இடுப்பில் சொருகிய வெற்றிலைப் பையிலும் படிவதைத் தானே பார்ப்பாள். மெய்யுலகம் மறைப்பதைப் பொய்யுலகம் காட்டிக்கொடுக்கிறது!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலிண்டர் எத்தனை நேரம் சுற்றும், எந்த ஓசை எதைக் குறிக்கும், புதியவன் எந்த இடத்தில் ஏமாறுவான் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? குளிர்ந்த அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் இளைஞனுக்குத் தெரியாது. இருபது வருஷம் அந்த யந்திரத்தின் அருகில் நின்றவனுக்குத் தெரியும். படம் வரைவது இளைஞனின் வேலை. பாடம் தொழிலாளியின் அனுபவத்தில் இருக்கிறது. இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். ஒரு வேலை, அதில் ஒரு தவறு, அந்தத் தவறு நடக்கும் நேரம் ஆகியவற்றைத் தேர்ந்துகொண்டு அதை மட்டும் முதலில் கட்ட வேண்டும். கட்டியதைத் தொழிலாளியிடமே மாட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். “இப்படி இல்லை” என்று அவன் சொன்னால் இடித்துக் கட்ட வேண்டும். அப்படிப் பிறப்பதுதான் உண்மையான பாடம். ஆகவே அந்தப் பாடத்தை ஆக்கியவர்களில் தொழிலாளியும் ஒருவன். அவனை வெறும் பார்வையாளன் ஆக்குவது அநீதி.

சரி, கட்டிவிட்டோம். கட்டிய நிலம் யாருடையது? குத்தகை நிலத்தில் பாடுபட்ட விவசாயிக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை.

2003ல் அமெரிக்காவில் லிண்டன் லேப் என்ற கம்பெனி ‘செகண்ட் லைப்’ என்ற மெய்நிகர் உலகத்தைத் திறந்தது. வீடு, கடை, வீதி, தோட்டம் எல்லாவற்றையும் உள்ளே வந்த ஜனங்களே கட்டினார்கள். பல சர்வகலாசாலைகள் அங்கே தீவுகளை வாடகைக்கு எடுத்து வகுப்பறைகளை எழுப்பின. கல்வி ஸ்தாபனங்களுக்குப் பாதி வாடகை என்று சலுகை இருந்தது. 2010 அக்டோபரில், புது வருஷத்திலிருந்து அந்தச் சலுகை கிடையாது என்று கம்பெனி அறிவித்தது. வாடகை இரட்டிப்பாயிற்று. பலர் கட்டியதை விட்டுவிட்டு வெளியேறினார்கள். 2013ல் சலுகை மறுபடி வந்தது. கொடுப்பதும் எடுப்பதும் நிலக்காரன் இஷ்டம்!

மைக்ரோசாப்ட் கம்பெனியிடம் ‘ஆல்ட்ஸ்பேஸ்’ என்ற மெய்நிகர் உலகம் இருந்தது. 2023 மார்ச் 10ந் தேதி அதை இழுத்து மூடினார்கள். மக்கள் கூடிய மண்டபங்கள் எல்லாம் அன்றோடு மறைந்தன. ‘மொசில்லா ஹப்ஸ்’ என்ற இன்னொரு உலகத்தை 2024 மே மாத முடிவில் மூடினார்கள். ஆனால் அது சாகவில்லை. ஏன்? அதன் மூல நிரல் பொதுச் சொத்தாக எல்லோர் கைக்கும் எட்டும்படி இருந்தது. உபயோகித்தவர்களே ஒரு அமைப்பாகக் கூடி அதைத் தொடர்ந்து நடத்துகிறார்கள். இரண்டு உலகங்களும் மூடப்பட்டன. ஒன்று அழிந்தது, மற்றொன்று பிழைத்தது. வித்தியாசம் எதில் இருக்கிறது என்பதை நன்றாக நினைவில் வையுங்கள்.

லாபத்தையும் பார்ப்போம். பேஸ்புக் கம்பெனி 2021 அக்டோபரில் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. அதன் மெய்நிகர் உலகத்தில் பொருள்களை உண்டாக்கி விற்பவர்களிடமிருந்து நூற்றுக்கு 47.5 வரை கம்பெனிக்குப் போகும் என்று 2022 ஏப்ரலில் கணக்கு வெளியாயிற்று. பாதி வாரம் கம்போல! அந்த வருஷம் மெய்நிகர் பிரிவில் மட்டும் கம்பெனிக்கு 1,300 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அதே வருஷம் நவம்பரில் கம்பெனி 11,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது. கணக்குப் போட்டவர்கள் முதலாளிகள், வீட்டுக்குப் போனவர்கள் ஊழியர்கள்.

‘ரோப்ளாக்ஸ்’ என்ற விளையாட்டு உலகத்தில் விளையாட்டுகளை உண்டாக்குகிறவர்களில் சிறுவர்களும் உண்டு. அங்கே ‘ரோபக்ஸ்’ என்ற தனிக் காசு செல்லும். வாங்கும்போது ஒரு ரோபக்ஸுக்கு ஏறக்குறைய ஒரு சென்ட் கொடுக்க வேண்டும். உழைத்துச் சம்பாதித்த ரோபக்ஸைப் பணமாக மாற்றப் போனால் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். அந்தக் காலத் தோட்டங்களில் முதலாளி தன் பெயர் பொறித்த டோக்கனைக் கூலியாகக் கொடுத்த கதை ஞாபகத்துக்கு வரவில்லையா?

இப்படிச் சொல்வதால், இந்தச் சாதனமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யந்திரத்தின்மீது நமக்குப் பகை இல்லை. நம் நகரத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 1999ல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் இதே கோபாலபுரத்தில் வாழ்ந்த மு. கருணாநிதி. அதன் தொடர்ச்சியாக 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் துவக்கப்பட்டது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் கோட்டூர்புரத்தில் இயங்குகிறது. கடல் கடந்து வாழும் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே தமிழில் கற்கும் பாடங்களை அது உருவாக்கியது. அரசுப் பணத்தில், தமிழில், எல்லோருக்கும் திறந்த பாடம். இலக்கணத்துக்கும் இலக்கியத்துக்கும் செய்ய முடிந்ததைக் கார்டிங் யந்திரத்துக்கும் மருந்துத் தெளிப்பானுக்கும் ஏன் செய்யக் கூடாது?

பிள்ளைகளும் தயாராகிறார்கள். 2022ல் தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸ் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்து, 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் நவீனமாக்க முன்வந்தது. அங்கே புகுத்திய புதிய தொழிற்பிரிவுகளில் ஒன்று, ஒரு பாகத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து அங்கேயே ஓட்டிச் சரிபார்க்கும் வேலை. செலவும் எட்டாத உயரம் அல்ல. 2014லேயே அட்டைப் பெட்டியும் இரண்டு லென்ஸும் வைத்து, கைபேசியைச் சொருகிப் பார்க்கும் கண்ணாடி வந்துவிட்டது. உருவங்களைச் செதுக்கும் ‘பிளெண்டர்’ என்ற மென்பொருள் இலவசம். அது தானாக இலவசம் ஆகிவிடவில்லை. 2002ல் பொதுமக்கள் சில வாரங்களில் ஒரு லட்சம் யூரோ வசூலித்துக் கொடுத்து அதை விடுதலை செய்தார்கள். உண்டியல் குலுக்கிப் பழகிய நமக்கு அது அதிசயம் அல்ல.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மெய்நிகர் பாடம் யந்திரத்தின் மூடிக்குப் பதில் ஆகாது. யந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு போட வேண்டும் என்று 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே 21வது பிரிவில் கூறியது. “கண்ணாடி மாட்டிப் பாடம் நடத்திவிட்டோம். இனி விரல் போனால் அது உன் தவறு” என்று நிர்வாகம் கை கழுவ இடம் கொடுக்கக் கூடாது. இன்னொன்று: தலையில் மாட்டும் அந்தப் பெட்டி நம் கையின் வேகத்தை அளக்க வல்லது. சில பெட்டிகள் கண் போகும் திசையையும் குறித்துக்கொள்ளும். கற்பிக்க வந்த கண்ணாடி வேலைப்பளுவை ஏற்றும் மேஸ்திரியாக மாறிவிடக் கூடாது.

ஆகவே நாம் கேட்பது நான்கு. பாடம் தமிழில், தொழிலாளி பேசும் தமிழில் இருக்க வேண்டும். அனுபவத்தைக் கொடுக்கும் தொழிலாளிக்குப் பெயரும் ஊதியமும் வேண்டும்; அந்த நேரம் வேலை நேரமாகக் கணக்காக வேண்டும். பொதுப் பணத்தில் கட்டியது பொதுச் சொத்தாக, எவரும் மூட முடியாததாக இருக்க வேண்டும். பயிற்சியில் எடுத்த அளவுகளை வேலைப்பளுவுக்கோ தண்டனைக்கோ பயன்படுத்தக் கூடாது.

நாளையே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பிரிவில் ஓய்வு பெறப்போகும் மூத்த தொழிலாளியிடம் போய் உட்காருங்கள். “புதியவன் எங்கே ஏமாறுவான், அண்ணே?” என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். யந்திரத்தின் ஓசையையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். கிராமத்தில் மருந்தடித்து அனுபவப்பட்ட அக்காவிடமும் கேளுங்கள். வரப்போகும் மெய்நிகர் உலகத்துக்கு அதுதான் செங்கல். அந்தச் செங்கல் நம்மிடம் மட்டுமே இருக்கிறது. அதை நாம் எடுத்துவைக்காமல் போனால், அவர்கள் ஓய்வு பெறும் நாளில் அதுவும் அவர்களோடு வாசலைக் கடந்து போய்விடும்.