யோபு அமைதியாகவா இருந்தார்?

இந்த எபிசோடில் கொஞ்சம் பர்சனலான விஷயம் பேசப் போறேன்.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை. ஆபீஸ் லேப்டாப்பில் லாகின் ஆகவில்லை. பத்து நிமிஷத்தில் ஹெச்ஆரிடமிருந்து போன். எங்க டீம் முழுக்க வெளியே. அப்புறம் ஏழு மாசம் எனக்கு வேலை கிடைக்கவில்லை. அப்பாவுக்கு இருந்த மருத்துவ இன்சூரன்ஸும் அந்த வேலையோட போச்சு.

சபையில் பார்க்கிறவங்க எல்லாம், "யோபு மாதிரி பொறுமையா இருங்க தம்பி"ன்னாங்க. யாக்கோபு நிருபம் 5-ஆம் அதிகாரத்தில் யோபின் பொறுமை பற்றி வருதே, அதை வெச்சுதான். சரி, அவர் எப்படித்தான் இருந்தார்னு பார்ப்போம் என்று யோபு புத்தகத்தை முதலிலிருந்து படிச்சேன். மொத்தம் 42 அதிகாரம்.

நாம கேள்விப்பட்ட அமைதியான யோபு முதல் ரெண்டு அதிகாரத்தில்தான் இருக்கார். சொத்து, பத்துப் பிள்ளைகள், உடல்நலம் எல்லாம் போயும் முணுமுணுக்கவில்லை. மூணாவது அதிகாரத்தில், தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அதுக்கப்புறம் பக்கம் பக்கமா கேள்வி, புலம்பல், வாக்குவாதம். கடவுளோடயே வழக்காடணும்னு கேட்கிறார்.

ஆனா ஒண்ணு, அவர் விலகிப் போகவில்லை. யார் மேல் வருத்தமோ அவரிடமே திரும்பத் திரும்பப் போய் நின்னார். யாக்கோபு அந்த இடத்தில் எழுதின கிரேக்கச் சொல் ஹூப்போமொனே. பாரத்துக்குக் கீழே ஓடாமல் நிற்பது என்று அர்த்தம். வாயை மூடிக்கொள்வது இல்லை.

அவரோட நண்பர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். வந்ததும் ஏழு நாள் ராப்பகலா ஒரு வார்த்தை பேசாமல் அவர்கூடத் தரையில் உட்கார்ந்தாங்க. அதுதான் அவங்க செஞ்சதிலேயே நல்ல விஷயம். வாயைத் திறந்ததும், "நீ எங்கேயோ தப்பு பண்ணியிருக்கே"ன்னு ஆரம்பிச்சாங்க. நம்ம பாஷையில் சொன்னா, லாக் ஃபைலைப் பார்க்காமலே ரூட் காஸ் எழுதினாங்க. பரலோகத்தில் நடந்த உரையாடல் வாசிக்கிற நமக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியாது, யோபுவுக்கும் தெரியாது.

கடைசியில் கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். 'ஏன்' என்பதற்கு அப்பவும் பதில் இல்லை. ஆனா அவர் கோபப்பட்டது கேள்வி கேட்ட யோபு மேல் இல்லை. தன் சார்பா விளக்கம் கொடுத்த அந்த மூணு பேர் மேல். எனக்கு இந்த இடத்தில் கண் கலங்கிடுச்சு. ஏன்னா அதுவரை, ஜெபத்தில் கோபப்பட்டா விசுவாசம் இல்லைன்னு அர்த்தமோ என்று பயந்துட்டு இருந்தேன். அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடியில் முதல் முறையா உண்மையா ஜெபம் பண்ணினேன். நிறைய கேள்விதான். ஆமென்கூடச் சொல்லவில்லை.

இப்போ வேலை இருக்கு, சம்பளம் முன்னைவிடக் குறைவு. அந்த ஏழு மாசம் ஏன்னு இன்னும் தெரியாது. ஆனா அந்த நாட்களில் சனிக்கிழமை தவறாமல் வந்து, எதுவும் கேட்காமல் என்கூட டீ குடிச்சிட்டுப் போன ஒரு நண்பன் இருக்கான். உங்க பக்கத்தில் யாராவது யோபு மாதிரி உட்கார்ந்திருந்தா, இந்த வாரம் அறிவுரையை விட்டுட்டு, போய் ஒரு டீ குடிங்க.

அடுத்த எபிசோடில் பேசுவோம்.