ஓஸியின் ‘பேஷண்ட் நம்பர் 9’: ஒரு பழைய கடன்

இன்னைக்கு எபிசோட் ஒரு கடன் பாக்கியைத் தீர்க்கிறதுக்கு.

2022 செப்டம்பர் 9-ஆம் தேதி ஓஸி ஆஸ்போர்னின் ‘பேஷண்ட் நம்பர் 9’ வெளியானது. அந்த வாரமே நான் இதே மைக் முன்னாடி உட்கார்ந்து பத்தே நிமிஷத்துல அந்த ஆல்பத்தோட கணக்கை முடிச்சேன். அன்னைக்கு என்ன சொன்னேன்னு நேத்து பழைய ஃபைலைத் திறந்து கேட்டுப் பார்த்தேன். “இது ஆல்பம் இல்ல, ஒரு எக்ஸெல் ஷீட். ஒரு காலம்ல பெரிய கிதாரிஸ்ட் பேரு, பக்கத்து காலம்ல பாட்டு. பெரியவர் வந்து பாடிட்டுப் போயிருக்கார்.” நடுவுல என்னோட சிரிப்பு வேற.

ரெண்டு நாள் கழிச்சு திருப்பூர்லேர்ந்து ஒரு நேயர் மெயில் போட்டிருந்தார். சண்டை எதுவும் இல்ல. ஆல்பம் சுமார்தான்னு அவரும் ஒத்துக்கிட்டார். “எங்க அப்பாவுக்குப் பார்க்கின்சன். சட்டைக்குப் பட்டன் போட்டு முடிக்கவே கால் மணி நேரம் ஆகும். போன்ல பேசினா குரல் எழும்பாது. அதனால அந்த ‘வந்து பாடிட்டுப் போயிருக்கார்’ங்கிற ஒரு வரியை மட்டும் யோசிச்சுப் பாருங்க.” நான் “கண்டிப்பா சார், நன்றி”ன்னு ஒரு வரி பதில் போட்டேன். யோசிக்கவே இல்ல.

ஓஸி 2025 ஜூலை 22-ல காலமானார். அவர் உயிரோட இருக்கும்போது வந்த கடைசி ஸ்டூடியோ ஆல்பம் இதுதான்னு ஆகிடுச்சு. போன மாசம் இதோட வினைலை வாங்கினேன். ரெண்டு தட்டு, நாலாயிரத்துக்கு மேல. நம்ம ஊர்ல ஓசின்னா இலவசம், இந்த ஓஸி அப்படி இல்ல.

புதுசா வந்தவங்களுக்குச் சுருக்கமா. 1948-ல இங்கிலாந்துல பிறந்து, பர்மிங்ஹாம் நகரத்துல ஆஸ்டன்ங்கிற தொழிலாளர் பகுதியில வளர்ந்தவர். பிளாக் சபாத் குழுவோட பாடகர். 1979-ல குழுவிலிருந்து வெளியேத்தப்பட்டு, 80-லேர்ந்து தனி ஆல்பங்கள். 2010-ல வந்த ‘ஸ்க்ரீம்’க்கு அப்புறம் பத்து வருஷம் தனி ஆல்பமே கிடையாது. 2019-ல வீட்டுல கீழே விழுந்ததுல பழைய முதுகெலும்புக் காயம் திரும்பவும் கிளம்பிச்சு. 2020 ஜனவரியில தனக்குப் பார்க்கின்சன் இருக்குன்னு வெளிப்படையா சொன்னார். அடுத்த மாசமே ‘ஆர்டினரி மேன்’ வந்தது. அதோட தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட்தான் இதுக்கும் தயாரிப்பாளர். 1990-ல பிறந்த பையன். ஜஸ்டின் பீபர், மைலி சைரஸ் எல்லாருக்கும் வேலை பார்த்தவர், ஆனா வளர்ந்தது ராக்ல. அப்புறம் இகி பாப், ரோலிங் ஸ்டோன்ஸ்னு வயசான சிங்கங்களுக்கெல்லாம் இவர்தான் ஆல்பம் பண்ணிக் கொடுத்தார்.

இதுல வர்ற ஆட்களைப் பாருங்க. ஜெஃப் பெக், எரிக் கிளாப்டன், டோனி இயோமி, ஜாக் வைல்ட், பேர்ல் ஜாம் குழுவோட மைக் மெக்ரெடி. ட்ரம்ஸ்ல பெரும்பாலும் சாட் ஸ்மித், சில பாட்டுல டெய்லர் ஹாக்கின்ஸ். பேஸ்ல மெட்டாலிக்காவோட ராபர்ட் ட்ரூஹியோ. அவர் மெட்டாலிக்காவுக்குப் போறதுக்கு முன்னாடி ஓஸிகிட்டதான் வாசிச்சுட்டிருந்தார். 13 பாட்டு, கிட்டத்தட்ட 61 நிமிஷம்.

இத்தனை பேரும் ஒரே அறையில உட்கார்ந்து வாசிக்கலை. இந்த இடத்துல கொஞ்சம் எஞ்சினியர் புத்தி வேலை செய்யும், பொறுத்துக்கங்க.

ரெண்டு பேர் சேர்ந்து வாசிக்கணும்னா ஒருத்தர் வாசிக்கிறது இன்னொருத்தர் காதுக்கு ஒரு 25, 30 மில்லிசெகண்டுக்குள்ள போய்ச் சேரணும். அதுக்கு மேல போனா தாளம் இழுக்க ஆரம்பிச்சிடும். லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் பர்மிங்ஹாமுக்கும் நடுவுல எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஃபைபர் கேபிள்ல ஒளி ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்போ நேர்கோட்டுல கேபிள் போட்டாலே ஒரு பக்கத்துக்கு 40 மில்லிசெகண்ட் போயிடுது. நடுவுல இருக்கிற ரௌட்டரெல்லாம் தனி. எவ்வளவு நல்ல இன்டர்நெட் வாங்கினாலும் இயற்பியல் ஒத்துக்காது. அதனால ஒரே வழிதான். ஒருத்தர் வாசிச்சு ஃபைலை அனுப்பணும், இன்னொருத்தர் அது மேல வாசிக்கணும்.

நான் 2022-ல இதைத்தான் கிண்டல் பண்ணினேன். யோசிச்சுப் பார்த்தா அதைக் கிண்டல் பண்ற கடைசி ஆளு நானா இருக்கணும். என்னோட வேலையே அப்படித்தான் நடக்குது. என் டீம்ல நாலு பேரை நான் நேர்ல பார்த்ததே இல்ல. கோடு எழுதி அனுப்புறோம், ஒருத்தர் பார்த்து மெயின் பிராஞ்ச்ல சேர்க்கிறார். எல்லாரும் ஒரே ரூம்ல இருந்தப்போ மோசமான கோடு எழுதாமலா இருந்தோம்?

சரி, தூரம் பிரச்சனை இல்லைன்னா இந்த ஆல்பம் ஏன் இப்படி ஏத்த இறக்கமா இருக்கு? இந்த ஒரு மாசமா நான் தேடிக்கிட்டிருந்தது இதுக்கான பதிலைத்தான்.

என் பதில், யார் முதல்ல அனுப்பினாங்கங்கிறதுல இருக்கு. டோனி இயோமி வாசிக்கிற பாட்டு இதுல ரெண்டு. ‘நோ எஸ்கேப் ஃப்ரம் நவ்’, ‘டீக்ரடேஷன் ரூல்ஸ்’. அந்த ரெண்டும் இயோமி அனுப்பின ரிஃப்லேர்ந்து கட்டின பாட்டு. அதாவது, பாட்டோட எலும்பே விருந்தாளி கொண்டு வந்தது. மத்த பல இடங்கள்ல பாட்டு ரெடியா இருக்கிற மாதிரியும், நடுவுல முப்பது செகண்ட் காலி இடம் விட்டு, ‘இங்க உங்க சோலோ’ன்னு கொடுத்த மாதிரியும் என் காதுக்குக் கேக்குது. மெக்ரெடி வர்ற ‘இம்மார்ட்டல்’ எனக்கு அப்படித்தான். அந்த சோலோவைத் தூக்கிட்டு வேற யாரோடதையாவது வெச்சாலும் பாட்டு மாறாது. நம்ம கச்சேரியில வயலின்காரர் ஆலாபனை முழுக்கப் பின்னாலேயே வர்றதுக்கும், கடைசியில வந்து ஒரு தீர்மானம் மட்டும் வாசிச்சுட்டுப் போறதுக்கும் உள்ள வித்தியாசம்னு வெச்சுக்கங்க.

இயோமி யாருன்னு தெரிஞ்சா இது இன்னும் நல்லா விளங்கும். ஓஸி படிச்ச அதே பள்ளிக்கூடத்துல படிச்சவர். 17 வயசுல உலோகத் தகடு வெட்டுற தொழிற்சாலையில வலது கையில ரெண்டு விரல் நுனி போயிடுச்சு. அவர் இடதுகைக்காரர், கம்பியை அழுத்துற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு ஒரு தொப்பி பண்ணிக்கிட்டார். மெல்லிசான கம்பி போட்டார், பின்னாடி சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டலோட கனமான சத்தத்துக்கு அந்த விபத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த மனுஷன் ஓஸியோட தனி ஆல்பம் எதுலயும் அதுவரைக்கும் வாசிச்சதில்ல. சபாத்லேர்ந்து ஓஸி வெளியேறி 43 வருஷம் ஆகியிருந்தது. நடுவுல குழுவா சேர்ந்தாங்க, பிரிஞ்சாங்க, கோர்ட்டுக்குப் போனாங்க, திரும்ப சேர்ந்தாங்க. ஆனா ‘உன் ஆல்பத்துக்கு நான் வாசிக்கிறேன்’ங்கிறது இதுதான் முதல் தடவை.

‘டீக்ரடேஷன் ரூல்ஸ்’ல ஓஸி மவுத் ஆர்கன் வாசிக்கிறார். 1970-ல சபாத்தோட முதல் ஆல்பத்துல ‘தி விஸார்ட்’னு ஒரு பாட்டு, அதுலயும் மவுத் ஆர்கன் ஓஸிதான். பாட்டு எதைப் பத்தினதுன்னு நான் சொல்ல மாட்டேன், எங்க அம்மா இந்த எபிசோடைக் கேப்பாங்க. ஆனா அந்த மவுத் ஆர்கனைக் கேளுங்க. பார்க்கின்சன்ல கை நடுக்கம் மட்டும்தான் நமக்குத் தெரியுது. மூச்சை ஒரே சீரா விடுறதும், குரலைச் சத்தமா எழுப்புறதும்கூட அந்த வியாதி பல பேர்கிட்டேர்ந்து எடுத்துக்குது. 73 வயசுல, அந்த உடம்போட, மூச்சால வாசிக்கிற ஒரு கருவியை எடுத்து வாயில வெச்சிருக்கார். இந்தப் பாட்டுக்குத்தான் 2023-ல சிறந்த மெட்டல் பாட்டுக்கான கிராமி கிடைச்சது. ஆல்பத்துக்குத் தனியா ஒரு கிராமி. அது கொஞ்சம் ஓவர்னு இப்பவும் நினைக்கிறேன்.

ஏன்னா குறைகள் அப்படியேதான் இருக்கு. முதல் குறை, வாட்டோட கை. எல்லாத்தையும் துடைச்சுப் பளபளன்னு வெச்சிருக்கார். ஓஸியோட குரல் மேல அடுக்கடுக்கா ஓஸியோட குரலே. அவர் குரலை இரட்டிப்பா பதிவு பண்றது 80-களிலேயே உள்ள பழக்கம்தான். ஆனா இதுல ஒரு நடுக்கமோ, ஒரு பிசிறோ வெளியில வர விடலை. நாம பார்க்க வந்ததே அந்தப் பெரியவரைத்தான். அவர் முகத்துச் சுருக்கத்தை எல்லாம் ஃபில்டர் போட்டு எடுத்துட்டா எப்படி? ரெண்டாவது, நீளம். ‘நத்திங் ஃபீல்ஸ் ரைட்’, ‘ஈவில் ஷஃபிள்’ ரெண்டும் இல்லாம இருந்திருந்தா யாரும் தேடியிருக்க மாட்டாங்க. ஜாக் வைல்டை 2007-க்கு அப்புறம் திரும்பக் கூட்டிட்டு வந்தது நல்ல விஷயம், ஆனா நாலு பாட்டு கொடுத்ததுல அவர் பழைய ஜாக் வைல்ட் மாதிரி வாசிச்சுக் காட்டுறார், அவ்வளவுதான். கிளாப்டன் பாட்டு பரவாயில்ல. வா-வா பெடல் போட்டு வாசிச்சிருக்கார், கிரீம் காலத்து ஞாபகம் வருது.

ஜெஃப் பெக் என் கணக்கை உடைக்கிறார், அதையும் சொல்லிடறேன். தலைப்புப் பாட்டுலயும் ‘எ தௌசண்ட் ஷேட்ஸ்’லயும் அவரும் விருந்தாளியாத்தான் வர்றார். ஆனா ஓஸி ஒரு வரியை முடிச்சு விடுற இடத்துலேர்ந்து அதே வாக்கியத்தைத் தொடர்ற மாதிரி கிதாரைப் பிடிக்கிறார். பிக் இல்லாம விரலாலேயே வாசிக்கிற மனுஷன், அதனால அந்தக் கிதாருக்கு ஒரு தொண்டை இருக்கு. ஆல்பம் வந்து நாலு மாசத்துல, 2023 ஜனவரி 10-ல அவரும் போயிட்டார். டெய்லர் ஹாக்கின்ஸ் ஆல்பம் வெளியாகறதுக்கு முன்னாடியே, 2022 மார்ச்ல. ஓஸிக்கு முன்னாடி அவங்க ரெண்டு பேரும்.

வினைல்ல கேட்டதால என்ன மாறிச்சுன்னு கேக்கலாம். சத்தம் உசத்தின்னு நான் சாமி ஆட மாட்டேன். 33⅓ சுத்துல, 12 இன்ச் தட்டோட வெளி விளிம்புல முள்ளுக்குக் கீழ பள்ளம் செகண்டுக்கு 50 சென்டிமீட்டர் ஓடும். உள்ள லேபிள் பக்கம் வர்றப்போ அது 20 சொச்சத்துக்கு இறங்கிடும். அதே சத்தத்தைப் பாதிக்கும் குறைவான இடத்துல அடைக்கணும், அதான் கடைசிப் பாட்டு கரகரங்கும். இங்க 61 நிமிஷத்தை நாலு பக்கமா பிரிச்சதால பக்கத்துக்குப் பதினஞ்சு நிமிஷம்தான் வருது, நெருக்கடி இல்ல.

எனக்கு மாறினது வேற. போன்ல கேட்டப்போ மூணு பாட்டுக்கு ஒண்ணைத் தள்ளி விட்டேன். தட்டுல அது அவ்வளவு சுலபமில்ல. எழுந்து போய், முள்ளைத் தூக்கி, கோடு பார்த்து வெக்கணும். சோம்பேறித்தனத்துல எல்லாத்தையும் கேட்டேன். சுமாரான பாட்டையும் சேர்த்துக் கேட்டப்போதான் ஒண்ணு புரிஞ்சது. எல்லாப் பாட்டுலயும் அவர் இருக்கார். ஒரு பாட்டைக்கூட விருந்தாளிகிட்ட விட்டுட்டு ஒதுங்கலை. கடைசியா ‘டார்க்சைட் ப்ளூஸ்’னு ரெண்டு நிமிஷம்கூட வராத ஒரு துண்டு, பழைய காலத்து ப்ளூஸ் ரெக்கார்டிங் மாதிரி. 2022-ல அதை நான் கேக்கவே இல்லைன்னு நினைக்கிறேன். பளபளப்பு இல்லாம அவரைக் கேக்கிற ஒரே இடம் அதுதான். என் தட்டுல தூசி வேற சேர்ந்து கரகரங்குது, பொருத்தமாத்தான் இருக்கு.

இந்த ஆல்பத்தை வெச்சு அவர் ஊர் ஊரா கச்சேரி பண்ண முடியலை. 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி, பயணம் பண்ற அளவுக்கு உடம்புல தெம்பு இல்லைன்னு அறிவிச்சு ஐரோப்பியக் கச்சேரிகளை ரத்து பண்ணினார். 2025 ஜூலை 5-ல, வளர்ந்த ஆஸ்டன்லயே இருக்கிற வில்லா பார்க் மைதானத்துல கடைசிக் கச்சேரி. ஒரு சிம்மாசனத்துல உட்கார்ந்து பாடினார். தனியா அஞ்சு பாட்டு, சபாத்தோட நாலு. எல்லாம் பழசு. ‘பேஷண்ட் நம்பர் 9’லேர்ந்து ஒண்ணுகூட இல்ல. பதினேழு நாள் கழிச்சுப் போயிட்டார். அப்போ இந்தப் பாட்டுல பெரும்பாலானது இந்த ரெண்டு தட்டுல மட்டும்தான் இருக்கு. அதையெல்லாம் மேடையில கேட்டு, ‘அட, இது நேர்ல நல்லா இருக்கே’ன்னு நினைச்சுக்கிற வாய்ப்பு கிடைக்கலை.

அதனால என் மதிப்பெண்ணை மாத்தலை. பாதி ஆல்பம் இப்பவும் சுமார்தான். எக்ஸெல் ஷீட்ங்கிறதையும் முழுசா வாபஸ் வாங்க மாட்டேன், சில வரிசைக்கு அது பொருந்துது. ‘வந்து பாடிட்டுப் போயிருக்கார்’ங்கிறதை மட்டும் எடுத்துக்கிறேன்.

திருப்பூர் சாருக்குப் போன வாரம் மெயில் போட்டேன், மூணு வருஷம் லேட்டா. அப்பா எப்படி இருக்கார்னு கேட்டிருந்தேன். இன்னும் பதில் வரலை. வந்தாலும் அதை இங்க படிக்க மாட்டேன்.

புதுசா கேக்கறவங்க ‘நோ எஸ்கேப் ஃப்ரம் நவ்’லேர்ந்து ஆரம்பிங்க. பாதியில வேகம் மாறும்போது வால்யூமைக் கொஞ்சம் ஏத்துங்க. அடுத்த எபிசோட்ல இகி பாப்போட ‘எவ்ரி லூசர்’. அதே ஆண்ட்ரூ வாட், வேற பெரியவர். அதையும் முழுசா கேட்டுட்டுத்தான் வருவேன்.