கட்டையும் கமகமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆர்மோனியத்துக்கும் இந்நகருக்கும் உள்ள உறவு பழையது. காலால் மிதித்து வாசித்த மேனாட்டுக் கருவியை, தரையில் அமர்ந்து கையால் துருத்தி அசைத்து வாசிக்கும் பெட்டியாக்கிய பெருமை, 1875-இல் துவாரகநாத் கோஷ் இங்குத் தொடங்கிய துவார்க்கின் கடைக்கு உரியது. ஆயினும் கவியரசர் தாகூர் அப்பெட்டியை விரும்பினாரில்லை. அகில இந்திய வானொலி 1940-இல் அதனை விலக்கியது. 1971-இல்தான் அத்தடையை ஓரளவு தளர்த்தியது. கட்டைக்குக் கட்டை தாவுமேயன்றி அது சுரத்தை வளைக்காது. கமகம் அதில் பிறவாது என்பது பெருங்குறையாகச் சொல்லப்பட்டது.

அவ்வழக்கு இன்று நம் வாயிலுக்கே வந்திருக்கிறது. நம் குடியிருப்பில் நாகசுரம் வாசித்த முதியவர் சென்ற ஆண்டு ஊர் திரும்பிவிட்டார். அவரது வாசிப்பில் ஒரு சுரத்தையேனும் பதிந்து வைக்காதது செயற்குழுவினராகிய எங்கள் குற்றமே. அதன்பின் எழுந்ததே மின்னிசைக் கீபோர்டு வாங்கும் பேச்சு.

நாம் பதிந்த ஒலியையே கட்டைகளில் எழுப்பும் வசதிக்குச் 'சாம்ப்ளிங்' என்று பெயர். குறுந்தட்டின் அளவுப்படி, ஒலி வினாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகச் சேமிக்கப்படுகிறது. இரு செவிக்குமாக ஒரு நிமிட ஒலிக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் இடம் வேண்டும். ஒரே பதிவை ஒரு ஸ்தாயி உயர்த்தினால் அது பாதி நேரத்தில் ஓடி முடியும். குரலும் பொம்மைக் குரலாகும். ஆகவே சில கட்டைகளுக்கு ஒன்றாகப் பல பதிவுகள் தேவை.

இனி, கருவிகள். 'ஒர்க்ஸ்டேஷன்' வகையைச் சேர்ந்த கோர்க் குரோனோஸ் (2011) ஒலிவாங்கியை நேரே இணைத்துப் பதியவும், வெட்டித் திருத்தவும் இடந்தரும். மேடைப் பியானோ வகை, பியானோவின் தொடுவுணர்ச்சிக்கே முதலிடம் அளிப்பது. அவற்றுள் யமஹா சி.பி.88 (2019) நம் ஒலியை ஏற்பதே இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட நோர்டு ஸ்டேஜ் 3 (2017) ஏற்கும். ஆனால் கணினியில் ஒலியைப் பக்குவப்படுத்தியே உள்ளே ஏற்ற வேண்டும். பியானோ பயிலும் குழந்தைக்கு மேடைப் பியானோ நன்று. நம் ஒலிகளைச் சேமிக்க முதல் வகையே ஏற்றது.

ஆயினும் அன்பர்களே, நாகசுரத்தின் உயிர் தனிச்சுரத்தில் இல்லை. ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் மூச்சில் இருக்கிறது. கீபோர்டின் பக்கத்தில் உள்ள சக்கரத்தை உருட்டிச் சுரத்தை வளைக்கலாம். ஆர்மோனியத்துக்கு இல்லாத பேறு அது. எனினும் எதை எங்கே வளைப்பது என்பதை ஆசானிடமன்றிக் கற்க இயலாது.

ஆதலின் எங்கள் வேண்டுகோள் இது: கருவி வாங்குவோம், ஆனால் விழாவுக்கு வித்துவானை அழைக்கும் செலவை அதன் பெயரால் குறைக்க வேண்டா. அவர் வரும் நாளிலேயே, அவர் இசைவு பெற்று, நம் பிள்ளைகள் ஒலிவாங்கியுடன் அருகில் அமரட்டும். பதிவதோடு கற்கவும் செய்யட்டும்.