உள்ளுறை வெப்பம்

கொதிக்கும் நீரில் ஒரு வெப்பமானியை அமிழ்த்தினால், கடல் மட்டத்தில் அது 100 டிகிரி செல்சியஸைக் காட்டி அங்கேயே நின்றுவிடும். அடுப்பின் தீயை எவ்வளவு கூட்டினாலும், நீர் முழுவதும் ஆவியாகித் தீரும்வரை அந்த அளவு ஏறுவதில்லை. இடைவிடாமல் செலுத்தப்படும் அவ்வெப்பம், நீர் மூலக்கூறுகளுக்கு இடையேயான ஈர்ப்பை வென்று, அவற்றை ஆவியாக விடுவிப்பதிலேயே செலவாகிறது. வெப்பநிலையை உயர்த்தாமல் பொருளின் நிலையை மட்டும் மாற்றும் இவ்வெப்பமே உள்ளுறை வெப்பம் எனப்படுகிறது.

வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றே என்ற மயக்கம் பள்ளிப் பருவத்தில் இயல்பானதே. அறிவியல் உலகிலும் அது நெடுங்காலம் நிலவியது. 1760களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். அங்கேயே கருவிகளைச் செப்பனிட்டு வந்த ஜேம்ஸ் வாட், சிறிதளவு நீராவி பெருமளவு குளிர்நீரைச் சூடாக்குவதைக் கண்டு வியந்தபோது, அதற்கான விளக்கத்தை அளித்தவரும் பிளாக்கே.

1 கிலோகிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்க ஏறத்தாழ 420 கிலோஜூல் போதுமானது. அதன்பின் அதனை ஆவியாக்கவோ ஏறத்தாழ 2260 கிலோஜூல், அதாவது ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல் வேண்டும். இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது மணிக்கட்டில் படும் நீராவி, அதே வெப்பநிலையிலுள்ள கொதிநீரைவிடக் கடுமையாகச் சுடுவதற்குக் காரணம், அது தோலின்மேல் நீராக மாறும் கணத்தில் தன் உள்ளுறை வெப்பத்தை அங்கே வெளிவிடுவதே ஆகும். மண்பானையில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது: நுண்துளைகளின் வழியே கசியும் நீர், ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்வதால், எஞ்சிய நீர் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் ஆவியாதல் மட்டுப்படுவதால், அக்குளிர்ச்சியும் குறைந்துவிடுகிறது.