வீட்டு ஸ்டீரியோவில் எழும் உறுமல்



கணக்குப் பார்க்க வந்தவன் சங்கீதப் பெட்டியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். சென்ற வாரம் ஓர் அங்கத்தினர் வீட்டில் யான் கண்டதே காரணம். அவருடைய ஸ்டீரியோவில் ஓயாத உறுமல். அதை நிறுத்த எண்ணி, ஆம்பிளிபயரின் பிளக்கில் எர்த் முனையை அறுத்துவிட்டிருந்தார். உறுமல் நின்றது மெய்யே. ஆயின், உள்ளே மின்கம்பி நழுவி இரும்புப் பெட்டியில் பட்டுவிடின், அதைத் தொடும் குழந்தையின் கதி யாது? அம்முனையை ஒருபோதும் நீக்கலாகாது.

நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று உடையது. உறுமலும் பெரும்பாலும் 50 அல்லது 100 சுற்றாகவே கேட்கும். வால்யூம் திருகைத் தணித்துப் பாருங்கள். உறுமல் தணியாவிடின் குற்றம் பெரும்பாலும் ஆம்பிளிபயரிலேயே. பழைய பெட்டியாயின் பழுது பார்ப்போரிடம் கொடுத்து கண்டென்ஸர்களைச் சோதிக்கச் செய்க. தணிந்தால், மின்சாரத்தை நிறுத்தி, வெளியிலிருந்து வரும் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மீண்டும் கேட்டுப் பாருங்கள்.

அவ்வீட்டில் புதிய பிளக்கை மாட்டுவித்தபின் இவ்வாறே செய்தோம். டெலிவிஷனுக்கு வரும் கேபிளைக் கழற்றியதும் நிசப்தம்! அக்கேபிளின் உறை வெளியே ஓரிடத்தில் பூமியோடு இணைந்திருந்தது. ஆம்பிளிபயரோ வீட்டு எர்த்தோடு. இவ்விரண்டுக்கும் இடையே சிறு மின்னோட்டம் இசைக்கம்பியின் உறை வழியே வளையமாகச் சுற்றியது. கேபிளின் நடுவே ஐசொலேட்டர் என்னும் சிறு கருவியைப் பொருத்த, வளையம் அறுந்தது. இசைக்கம்பிகளை மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டியிருந்ததையும் பிரித்துவைத்தோம்.

அறுபட்ட பிளக்கை யானே கேட்டு வாங்கி வந்தேன். இதோ, மேஜைமேல் இருக்கிறது, பார்த்துச் செல்லுங்கள்.