உதிரிப் பாகம் யார் கையில்?

(பூந்தமல்லியில் இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உலக நாடுகளின் பாதுகாப்புக் கொள்கை பற்றிய பேச்சு என்று அறிவித்தவுடன், "பூந்தமல்லியில் கடை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று சிலர் நினைத்திருக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கிருந்து ஆவடி சாலையில் சற்று தூரம் போனால் எதன் வாசலில் நிற்கிறோம்? நாமெல்லாம் 'டேங்க் ஃபேக்டரி' என்று சொல்கிற கனரக வாகனத் தொழிற்சாலையின் வாசலில்! இந்திய ராணுவத்தின் டாங்கிகள் அங்கேதான் உருவாகின்றன. மாஸ்கோவிலும் வாஷிங்டனிலும் பெர்லினிலும் எடுக்கப்படும் முடிவுகள் அந்த வாசல் வழியாக நம் பகுதிக்குள் வருகின்றன. நம் வீட்டுப் பக்கத்தில் நடப்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இன்று உங்கள் மனதில் பதிய வைக்க விரும்புகிறேன். ஆயுதத்தை விலை கொடுத்து வாங்கியவன் அதற்குச் சொந்தக்காரன் ஆகிவிடுவதில்லை. அதன் உதிரிப் பாகம் எவன் கையில் இருக்கிறதோ, அவனே சொந்தக்காரன்!

விமானம் கேட்டவனுக்குக் கோதுமை

ஈரானை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னர் ஷா அமெரிக்காவிடம் எஃப்-14 போர் விமானங்கள் 79 வாங்கினார். அந்தக் காலத்தில் உலகிலேயே சிறந்த விமானங்களில் ஒன்று அது. 1979-ல் புரட்சி வந்தது. அமெரிக்கா உதிரிப் பாகங்களை நிறுத்தியது. 1980-ல் ஈராக்குடன் போர் மூண்டது. விமானம் இருக்கிறது, பாகம் இல்லை. ஒரு விமானத்தைக் கழற்றித்தான் இன்னொரு விமானத்தைப் பறக்க வைக்க முடிந்தது.

அடுத்து பாகிஸ்தான். அமெரிக்காவிடம் எஃப்-16 விமானங்களுக்குப் பணம் கட்டியது. 1990-ல் 'பிரஸ்லர் சட்டத் திருத்தம்' குறுக்கே வந்தது. 'நீ அணுகுண்டு செய்கிறாய்' என்று காரணம் சொல்லி, தயாரான விமானங்களை அமெரிக்கா தன் அரிசோனா பாலைவனத்திலேயே நிறுத்தி வைத்துக்கொண்டது. 1998 டிசம்பரில் கணக்குத் தீர்த்தபோது ஒரு பகுதி ரொக்கமாக வந்தது; மீதியை ஈடுகட்டக் கோதுமை உள்ளிட்ட சரக்குகள்! விமானம் கேட்டவனுக்குக் கோதுமை!

துருக்கி நேட்டோ கூட்டணியின் உறுப்பினர். அமெரிக்காவின் சொந்தக் கூட்டாளி. சைப்ரஸ் விவகாரத்துக்காக 1975-ல் அதற்கும் ஆயுதத் தடை விழுந்தது. துருக்கியர்கள் என்ன செய்தார்கள்? அதே ஆண்டில் 'அசெல்சான்' என்ற சொந்த மின்னணுத் தளவாட நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுக்கும் பாடம் முழுதாக முடிந்துவிடவில்லை. பிற்காலத்தில் அவர்கள் வடிவமைத்த 'அல்தாய்' டாங்கிக்கு ஜெர்மனி எஞ்சின் தர மறுத்தபோது தென் கொரியாவின் வாசலுக்குப் போக வேண்டியதாயிற்று.

நமக்கு நேர்ந்தது என்ன?

இது முஸ்லிம் நாடுகளுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1998-ல் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அப்போது நம் இலகு ரகப் போர் விமானத்தின் கட்டுப்பாட்டுக் கருவிக்காக அமெரிக்க நிறுவனம் ஒன்றில் பணி செய்துகொண்டிருந்த இந்திய விஞ்ஞானிகள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் ஊர் திரும்பி, இங்கேயே மீதி வேலையை முடித்தார்கள். 2001 ஜனவரி 4-ல் அந்த விமானம் முதன்முதலாகப் பறந்தது. இன்று 'தேஜஸ்' என்கிறோமே, அதுதான்! ஆனால் அதன் எஞ்சின் மட்டும் அமெரிக்க எஞ்சின். இதையும் மறந்துவிடாதீர்கள்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது போர் தொடுத்தது. சண்டை நடப்பது அங்கே. அடி விழுந்தது இங்கே. ரஷ்யாவிடம் 5 'எஸ்-400' வான் பாதுகாப்பு ரெஜிமெண்டுகளுக்கு 2018-ல் ஒப்பந்தம் போட்டிருந்தோம். 2023 முடியும்வரை 3 தான் வந்து சேர்ந்திருந்தன.

கப்பல் கதை இன்னும் வேடிக்கை. நம் கடற்படைக்காக ரஷ்யா கட்டிய போர்க்கப்பல் 'ஐ.என்.எஸ். துஷில்'. அதன் எஞ்சின் உக்ரைனில் தயாராவது. அந்த இரண்டு நாடுகளும் பகையாகிவிட்டன. உக்ரைனிடம் எஞ்சினை நாம் வாங்கி, ரஷ்யாவில் கொண்டுபோய்க் கொடுத்து, கப்பலைக் கட்டி முடிக்கச் சொல்ல வேண்டிய நிலை! 2024 டிசம்பரில்தான் அது கடற்படையில் சேர்ந்தது.

ஆவடியின் பாடம்

இனி நம் ஆவடிக்கு வருவோம். 1961-ல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தமானது. 1965-ல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. 1980-களின் பின்பகுதியில் சோவியத் வடிவமைப்பான 'டி-72' இங்கே உருவாகத் தொடங்கியது. 'அஜேயா' என்று பெயரிட்டோம். 2001-ல் ரஷ்யாவுடன் 'டி-90' ஒப்பந்தம். அதற்குப் பெயர் 'பீஷ்மா'. பெயரெல்லாம் நம்முடையது. தொழில்நுட்பம்? டாங்கியை விற்றவர்கள் அதன் பீரங்கிக் குழாயின் ரகசியத்தை எளிதில் கொடுத்துவிடவில்லை. ஒப்பந்தம் போட்டு 8 ஆண்டுகள் கழித்து, 2009 ஆகஸ்டில்தான் ஆவடியில் தயாரான முதல் பீஷ்மா வெளிவந்தது.

'அர்ஜுன்' நம்முடைய சொந்த வடிவமைப்பு. அதுவும் ஆவடியிலேயே பிறந்தது. 1974-ல் அனுமதி கிடைத்தது. தொழிற்சாலையிலிருந்து முதல் டாங்கிகள் ராணுவத்துக்குப் போனது 2004-ல். 30 ஆண்டுகள்! 2021 செப்டம்பரில் மேலும் 118 அர்ஜுன் டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய்க்கு ஆர்டர் வந்தது. ஆனால் அதன் எஞ்சின் ஜெர்மனியுடையது. 1,500 குதிரைத்திறன் கொண்ட சொந்த எஞ்சின் மைசூரில் முதன்முதலாக இயக்கிப் பார்க்கப்பட்டது 2024 மார்ச்சில்தான். டி-72 டாங்கிகளுக்கு 1,000 குதிரைத்திறன் எஞ்சின் வேண்டுமென்று 2025 மார்ச்சில் ரஷ்யாவுடன் 24.8 கோடி டாலருக்கு மறுபடியும் ஒப்பந்தம் போட்டோம். தொழில்நுட்பத்தை ஆவடிக்குத் தர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கிறது. அந்த ஒரு நிபந்தனைதான் ஆறுதல்.

ஸ்டாக்ஹோமில் உள்ள ஆயுத ஆய்வு நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள். 2010-14-ல் நம் ஆயுத இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 72 சதவீதம். 2020-24-ல் 36 சதவீதம். மீதியைப் பிரான்ஸ், இஸ்ரேல், அமெரிக்கா என்று பிரித்து வாங்குகிறோம். வியாபாரிகளே, இது உங்களுக்குப் புரியும். ஒரே மொத்த வியாபாரியை நம்பாமல் நாலு பேரிடம் சரக்கு எடுப்பது நல்லதுதான். ஆனால் கடையை மாற்றினோமே தவிர, சரக்கைச் செய்யக் கற்றோமா?

"உள்நாட்டில் செய்தால் 30 வருஷம் ஆகிறதே, அதற்குள் எல்லையில் சண்டை வந்தால்?" என்று ராணுவத்தினர் கேட்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. எல்லாவற்றையும் நாமே செய்துவிட முடியாது. வல்லரசுகளே அப்படிச் செய்வதில்லை. ஆனால் எந்தப் பாகம் நின்றுபோனால் வண்டியே நின்றுபோகுமோ, அந்தப் பாகம் நம் கையில் இருக்க வேண்டும். எஞ்சின், பீரங்கிக் குழாய், இரவில் பார்க்கும் கருவி ஆகியவை அப்படிப்பட்டவை.

நாம் செய்ய வேண்டியது

2021 அக்டோபர் 1-ல் நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளும் 7 கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. டாங்கி கம்பெனிக்கு ஆவடியே தலைமையிடம். தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். வேலைநிறுத்தத்தைத் தடை செய்ய ஓராண்டு காலச் சட்டமே போட்டார்கள். நிரந்தர வேலை, பென்ஷன், இவை என்னாகும் என்ற அவர்களுடைய அச்சத்தை அலட்சியம் செய்யக் கூடாது. எஞ்சினின் ரகசியம் காகிதத்தில் பாதி, 30 வருஷம் வேலை பார்த்த மேஸ்திரியின் விரலில் மீதி. அந்த விரலுக்கு வேலைப் பாதுகாப்பு இல்லையென்றால் நாட்டுக்கு ஏது பாதுகாப்பு?

தம்பிகளே! ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர், வெல்டர், மெஷினிஸ்ட் படித்தவர்களை ஆவடித் தொழிற்சாலை அப்ரண்டீஸாக எடுக்கிறது. எத்தனை பேர் மனுப் போடுகிறோம்? பத்தாவது முடித்தவுடன் பாஸ்போர்ட், வளைகுடாவில் ஏதாவது ஒரு வேலை என்ற எண்ணத்தை மாற்றுங்கள். போவதென்றாலும் கைத்தொழிலோடு போங்கள். ஆயத்தம் இல்லாதவன் எங்கே போனாலும் கூலிதான்.

வியாபாரப் பெருமக்களே! அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வைத்திருக்கும் சிறு பட்டறைகளைப் பாருங்கள். மத்திய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்பது 2018 முதல் விதி. இறக்குமதியாகும் எந்தெந்தப் பாகங்களை இங்கே செய்யலாம் என்ற பட்டியலைப் பாதுகாப்பு அமைச்சகம் 2020 முதல் 'ஸ்ரீஜன்' என்ற இணையதளத்தில் வெளியிட்டு வருகிறது. ரப்பர் வாஷரும் இருக்கும், நுட்பமான கருவியும் இருக்கும். முதல் போட வசதியுள்ளவரும் தொழில் தெரிந்த பையனும் கூட்டுச் சேர்ந்தால், அதில் ஒன்றையாவது நம்மால் செய்ய முடியாதா? 'உத்யம்' பதிவு எடுத்து, தரச் சோதனைக்குத் தயாராகி இறங்குங்கள். முதல் ஆர்டர் வரத் தாமதமாகும். பணம் கைக்கு வரவும் தாமதமாகும். தெரிந்தே இறங்குங்கள்.

1965 போரை நினைத்துப் பாருங்கள். கேம்கரண் பகுதிக்குள் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் வந்தன. அமெரிக்காவில் செய்தவை; அஞ்ச வைத்த பெயர். கிரனேடியர் படையின் ஹவில்தார் அப்துல் ஹமீது ஒரு ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு அவற்றை எதிர்த்து நின்றார். டாங்கிகளை வீழ்த்தி, தானும் வீழ்ந்தார். பரம் வீர் சக்ரா அவரைத் தேடி வந்தது. ஜீப் எங்கே, டாங்கி எங்கே! தன் ஆயுதத்தை முழுதாக அறிந்திருந்த கை அது.

நாட்டின் பாதுகாப்பு டெல்லியில் கையெழுத்தாகும் ஒப்பந்தத்தில் தொடங்கலாம். அது நிலைப்பது, ஒரு பாகம் உடைந்தால் மறுநாள் காலையில் அதைச் செய்து தரத் தெரிந்த கையில்தான். அந்தக் கைகளில் நம் பிள்ளைகளின் கைகளும் இருக்கட்டும். இன்ஷா அல்லாஹ், அதற்கான முயற்சியை இந்த ஊரிலிருந்து தொடங்குவோம்.