கண்ணுக்குக் கீழே கருவளையம்: மறைக்குமுன் காரணத்தைப் பாருங்கள்

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



கலியாணம், திருவிழா நெருங்கினால் பிள்ளைகள் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "மிஸ், கண்ணுக்குக் கீழே கறுப்பா இருக்கே, என்ன பூசலாம்?" பூசுவதையும் சொல்கிறோம். முதலில் அது ஏன் வருகிறது என்று பார்ப்போம்.

உடம்பிலேயே மிக மெல்லிய தோல் கண்ணைச் சுற்றித்தான் இருக்கிறது. உள்ளே ஓடும் இரத்தக் குழாய்கள் நிழல் போல வெளியே தெரியும். சிலருக்கு இது பரம்பரை, நோயல்ல. நித்திரைக் குறைவு, மலை வெயில், அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்குவது எல்லாம் கருமையைக் கூட்டும்.

இரத்தச்சோகை இருந்தால் முகம் வெளிறி, வளையம் இன்னும் எடுப்பாகத் தெரியும். கண்ணாடி முன் நின்று கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே வெளுத்திருந்தாலோ, மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கி, தலை சுற்றினாலோ, கிளினிக்கில் இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. கர்ப்பிணித் தாய்க்கு 11.

சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அதிலுள்ள துவர்ப்புச் சத்து, உணவின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இரும்பு மாத்திரையையும் அதோடு விழுங்க வேண்டாம். றொட்டியோடு பருப்பு, கீரை, நெத்தலி சேருங்கள். மேலே தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

"நல்லா நித்திரை கொள்ளுங்க" என்று சொல்வது லேசு. விடியுமுன் எழும்பி, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, கொழுந்தெடுத்து வந்து, கடைசியாகப் படுப்பவருக்கு நித்திரை எங்கிருந்து வரும்? அண்ணன்மாரே, இரவில் பாத்திரம் கழுவுவதையும் விடிய அடுப்பு மூட்டுவதையும் நீங்கள் எடுத்துக்கொண்டால், அதைவிட நல்ல மருந்தில்லை.

இனி மறைப்பது. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை, மூடிய கண்மேல் 10 நிமிடம் வையுங்கள், வீக்கம் வற்றும். படுக்குமுன் கண்மையைக் கழுவுங்கள். வெள்ளைப் பௌடரை அப்பினால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். தோல் நிறத்தோடு ஒத்த, சற்றுச் செம்மஞ்சள் கலந்த பூச்சை மோதிர விரலால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். அதுவே போதும்.

செய்தவர் பெயரோ விலாசமோ இல்லாத வெள்ளையாக்கும் கிறீமை மட்டும் தொடாதீர்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும். 2013ஆம் ஆண்டு மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது. அதன்படி இத்தகைய கிறீம்களின் உற்பத்தியும் இறக்குமதியும் 2020ஓடு நிற்க வேண்டியவை. ஆனால் பாதரசம் கலந்திருப்பதைப் பெட்டியில் எழுதியா விற்பார்கள்?

பரம்பரையாக வந்த வளையம் முகத்துக்கு ஒரு குறையில்லை. இரத்தம் குறைந்து வந்த வளையத்தை மறைத்தால், நோயும் சேர்ந்து மறைந்துவிடும். ஆகவே கிறீமுக்குக் காசு கொடுக்குமுன், ஒரு தரம் இரத்தத்தைச் சோதியுங்கள். கிளினிக் நாளில் சந்திப்போம்.